திரையை இணைத்ததும் ஒலி நின்றுபோவது குறித்து

வணக்கம். எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரையை இணைத்தவுடன் மடிக்கணினியின் ஒலி நின்றுவிடுவதாகவும், இயக்கியை (ஒலிக்கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளை) இருமுறை மீண்டும் நிறுவியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இயக்கியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. அதைத் தயவுசெய்து இனித் தொடாதீர்கள்.

எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் கடத்துவதால், ஒலிபெருக்கியே இல்லாத திரைகூட, பின்புறம் ஹெட்ஃபோன் துளை மட்டும் இருந்தால், தன்னை ஒலிக்கருவியாக அறிவித்துக்கொள்ளும். விண்டோஸ் 11 அதையே இயல்புக் (டிஃபால்ட்) கருவியாக ஏற்றுவிடுவதும் உண்டு. பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு செயலியின் ஒலியையும் தனித்தனியே காட்டும் வால்யூம் மிக்ஸரைத் திறந்து பாருங்கள்: வெளியீட்டுக் கருவியாகத் திரையின் பெயர் இருந்தால், ஒலி திரைக்குத்தான் போகிறது.

செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, திரையின் பெயரைச் சொடுக்கி, அக்கருவிக்கான ஒலி அனுமதியை நிறுத்திவிடுங்கள். கம்பியைக் கழற்றி மாட்டினாலும் இந்த அமைப்பு பொதுவாக மாறாது.

அதன் பிறகும் பிரௌசர் மட்டும் ஊமையாக இருந்தால், வால்யூம் மிக்ஸரில் அந்தச் செயலிக்கெனத் தனியாக வேறு கருவி தேர்வாகியிருக்கக்கூடும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். அதை 'டிஃபால்ட்' என மாற்றி, பிரௌசரை மூடித் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.