ஹீட் போட்டால் குளிர்காற்று வருகிறதா? ஓ/பி செட்டிங்கைப் பாருங்கள்

வணக்கம். ஹீட் பம்ப்புக்கு (வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் மெஷின்) புது தெர்மோஸ்டாட் (சூட்டின் அளவைச் செட் செய்யும் கருவி) மாட்டியதிலிருந்து ஹீட் போட்டால் குளிர்காற்றும் கூல் போட்டால் சூடும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழையதில் எல்லாம் சரியாக ஓடியதென்றால் மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. டெக்னீஷியனுக்கு டாலரைக் கொட்ட அவசரப்படாதீர்கள்.

ஹீட் பம்ப்பில் இரண்டு வேலைக்கும் ஒரே கம்ப்ரசர்தான். உள்ளே கேஸ் ஓடும் திசையைத் திருப்புவது ரிவர்சிங் வால்வு. தெர்மோஸ்டாட்டில் ஓ/பி (O/B) என்ற முனையில் இருக்கும் ஒயர் அதற்குத்தான் போகிறது. பெரும்பாலான கம்பெனிகள் கூலிங்கின்போது அந்த வால்வுக்குக் கரண்ட் கொடுக்கும், அது ‘ஓ’. ரீம், ரூட் மெஷின்களில் தலைகீழ். ஹீட்டிங்கின்போது கொடுக்கும், அது ‘பி’. உங்கள் தெர்மோஸ்டாட் அனேகமாக ‘ஓ’வில் நிற்கிறது. செட்டிங்கில் எக்விப்மென்ட் பகுதிக்குப் போய் ‘பி’க்கு மாற்றிப் பாருங்கள். ஒயரைத் தொடவே வேண்டாம்.

மாற்றிய உடனே சூடு வராது. கம்ப்ரசர் ஐந்து நிமிடம் வரை காத்திருந்துதான் கிளம்பும். அதற்குள் பட்டனை மாற்றி மாற்றி அமுக்காதீர்கள். வரும் காற்றும் கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், கேஸை எரித்துச் சூடாக்கும் ஃபர்னஸ் மாதிரி சுடாது.

பழைய ட்ரேன் மெஷின் என்றால் மட்டும் பொறுங்கள். அதில் ‘பி’ ஒயர் காமனாக (கரண்ட் திரும்பிப் போகும் ஒயராக) இருக்கலாம். அதை ஓ/பியில் சொருகினால் ஃபியூஸ் போய்விடும். மெஷின் எந்தக் கம்பெனி? பழைய ஒயரிங் போட்டோ இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.