தொலைபேசியிலேயே இதயம் நின்றதை எப்படி அறிகிறார்கள்?

களியக்காவிளை, செங்கோட்டை போன்ற எல்லை ஊர்களிலிருந்து 108-ஐ அழைக்கும்போது, ஆளைப் பார்க்காமலே இதயம் நின்றுவிட்டதை எப்படிக் கணிக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழைப்பை ஏற்பவர் அறிய விரும்புவது முதன்மையாக இரண்டே: தோளைத் தட்டி அழைத்தால் விழிக்கிறாரா, இயல்பாக மூச்சு விடுகிறாரா. இரண்டுக்கும் இல்லை என்றால், இதயம் நின்றதாகவே கொண்டு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தச் சொல்வதே உலகெங்கும் உள்ள நெறி. நாடி பார்க்கச் சொல்வதில்லை. பதற்றத்தில் தம் விரலின் துடிப்பையே நோயாளியின் நாடி என்று எண்ணிவிடுவோர் உண்டு.

மூச்சில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இதயம் நின்றபின்னும் சில நிமிடங்கள், கரையில் போட்ட மீனைப்போல வாய் திறந்து விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு பலரிடம் தென்படும். வீட்டாரோ அதைக் கண்டு "குறட்டை விடுகிறார்" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே, ஒவ்வொரு மூச்சுக்கும் "இப்போது" என்று சொல்லச் செய்து, இடைவெளியைக் கணக்கிடும் முறையும் கையாளப்படுகிறது. தொடக்கத்தில் வலிப்புபோன்ற வெட்டல் சில விநாடிகள் வருவதும் குழப்பம் தருவதே.

எல்லையில் கைபேசி அண்டை மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால் அழைப்பும் அங்கே போய்விடக்கூடும் என்பதால், ஊர்ப்பெயரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.