பதில்: சிலேட்டுக் கல் ஈட்டிமுனை உடைஞ்சுக்கிட்டே இருக்கு

பையனோட பள்ளிக் கண்காட்சிக்கு ஈட்டிமுனை செய்யப் பழைய கல் சிலேட்டைச் சுத்தியலால தட்டினா ஏடு ஏடா உரியுதுன்னு எழுதியிருந்தீங்க. அடுக்கடுக்கான கல், அப்படித்தான் போகும். வட துருவப் பக்கத்து மக்கள் பலர் சிலேட்டுல ரெண்டு பக்கமும் பள்ளம் அறுத்து, அந்தக் கோட்டுல ஒடிச்சு, பிறகு ஈரமா தேய்ச்சாங்க. நீங்களும் அப்படிச் செய்ங்க. சொரசொரப்பான பாறைத்துண்டு, சலிச்ச கடற்கரை மணல், தண்ணி போதும். (அம்மியைத் தொடாதீங்க, வீட்டுல திட்டு நிச்சயம்!) தட்டைப் பக்கங்களை முதல்ல முடிங்க, ஓரம் அப்புறம், நுனி கடைசி. உலர்வா தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஆனா பக்கத்துல 'தமிழ்நாட்டுப் புதிய கற்காலம்'னு அட்டை வைக்காதீங்க. பையம்பள்ளி மாதிரி தமிழ்நாட்டுப் புதிய கற்கால இடங்கள்ல கிடைச்சது மெருகேத்தின கல் கோடரிகள். அந்த வகைக் கோடரிக்குக் கெட்டியான கருநிறக் கல்லைச் செதுக்கி, கொத்தி, அப்புறம்தான் தேய்ப்பாங்க.