ரப்பருக்கு வைரம் கிடையாது

அன்புள்ள ஐயா,

அருமனையில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. 27 வருட மரங்கள், இருநூறுக்குச் சற்றுக் குறைவாக நிற்கின்றன. மகள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடுகிறாள். ஒரு பல்கலைக்கழக அறிவிப்பில் வணிகப் பொருளாதாரம், வேளாண்மை, மர அறிவியல் ஆகிய மூன்றையும் ஒரே ஆய்வுப் பிரிவாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத இந்த மூன்றையும் படித்தவளை எதைப் படித்தவள் என்று சொல்வது? இன்னொன்று, தடி வாங்கும் மரக்காரர் இரண்டு முறை வந்து மொத்த விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். இப்போதே கொடுத்துவிடலாமா, இன்னும் இரண்டு வருடம் பால் எடுக்கலாமா? இதற்கு அந்த ஆராய்ச்சி ஏதாவது சொல்லுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

வாசகர், அருமனை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுடைய இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால் முதல் கேள்விக்கான பதில் தானாகக் கிடைத்துவிடும் என்பதால் மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நட்ட மரத்தை எந்த வயதில் முறிப்பது என்ற கேள்விக்கு 1849இல் மார்ட்டின் ஃபாஸ்ட்மான் என்ற ஜெர்மானிய வனவியலர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மரம் அடுத்த வருடம் எவ்வளவு பருக்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அது நிற்கும் மண்ணும் காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்புக்கும் ஒரு கூலி உண்டு என்பதே அவர் சொன்னதன் சாரம். பழைய மரத்தை ஒரு வருடம் கூடுதலாக நிறுத்தினால் அடுத்த நடவு மட்டுமல்ல, அதற்கடுத்த நடவுகளும் வரிசையாக ஒரு வருடம் தள்ளிப் போகின்றன. நிற்கும்போதே பயன் தரும் காடுகளுக்கு இந்தக் கணக்கை எப்படி மாற்றுவது என்று 1976இல் ரிச்சர்ட் ஹார்ட்மன் எழுதினார். அவர் மனத்தில் இருந்தது ரப்பர் அல்ல. ஆனால் சிரட்டையில் பால் வடிக்கும் மரத்துக்கு அதைவிடப் பொருத்தமான கணக்கு இருக்க முடியாது. அடுத்த வருடப் பாலில் பால்வெட்டுக்கூலி போக மிஞ்சுவதையும் தடியின் விலையில் கூடுவதையும் ஒரு தட்டில் வையுங்கள். மரம் விற்ற பணத்துக்கான வட்டியையும் மண்ணின் காத்திருப்புக் கூலியையும் மறு தட்டில் வையுங்கள். முதல் தட்டு கனமாக இருக்கும்வரை மரம் நிற்கலாம்.

புதுக்கன்று பால்வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும் என்ற பயத்தில்தான் நம் பக்கத்தில் பெரும்பாலானோர் முறிப்பதைத் தள்ளிப் போடுகிறார்கள். அந்த ஏழு வருடம் இப்போது முறித்தாலும் வரும், இரண்டு வருடம் கழித்து முறித்தாலும் வரும். தள்ளிப் போடுவதால் அது குறைவதில்லை. விலையை நம்பிக் காத்திருப்பதும் எளிதல்ல: 2011இல் கிலோ 240 ரூபாய் அளவுக்கு ஏறிய ரப்பர் ஷீட் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது, 2024 ஆகஸ்டில் மறுபடியும் 240ஐத் தாண்டியது.

இதுவரை சொன்னது பொருளாதாரம். இதற்குள் போடவேண்டிய எண்களைத் தருவது பால்வெட்டுக்காரரின் கத்தி. பட்டையைச் சீவும்போது உள்ளே இருக்கும் வளர்படலத்துக்கு (மரத்தைப் பருக்கவைக்கும் மெல்லிய அடுக்கு) ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு நிறுத்தவேண்டும். கை அழுத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் அன்று பால் நன்றாகவே வரும், ஆனால் அந்தக் காயம் ஆறும்போது முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும். கேரளத்துப் பெரும்பாவூர் பிளைவுட் ஆலையில் தடியைச் சுழலவிட்டு நீளக் கத்தியால் காகிதச் சுருள் போல உரிக்கிறார்கள். அங்கே நல்ல விலைக்குப் போகவேண்டியது மரத்தின் அடித்தடி. முண்டு விழுவதும் அந்த அடித்தடியில்தான். காலை இருட்டில் தலைவிளக்கோடு வேகமாகச் சீவிப் போனவரின் கை, இருபது வருடம் கழித்து உங்கள் தடியின் விலையைக் குறைக்கிறது. இந்தச் செய்தி வேளாண்மைத் துறையிடம் ஒரு பாதியும் மரத்துறையிடம் ஒரு பாதியுமாகக் கிடக்கிறது.

மர அறிவியல் பக்கம் வந்தால், தேக்கைப் போல ரப்பருக்குத் தனியாகத் தெரியும் வைரம், அதாவது தடியின் நடுவில் இறுகிய பகுதி, கிடையாது. உள்ளே காழ், அதாவது வைரம், இருப்பதே மரம் என்ற பழைய இலக்கண வரையறையை வைத்துப் பார்த்தால் இதை மரம் என்றே சொல்லத் தயங்கவேண்டியிருக்கும். கனத்தில் தேக்குக்கு ரொம்பக் கீழே இல்லை, வெளிர்நிறம் பார்வைக்கும் அழகு. ஆனால் உள்ளெல்லாம் மாவுச்சத்தும் சர்க்கரையும். முறித்த சில நாட்களுக்குள் நீலப்பூஞ்சை ஏறிவிடும், பிறகு பொடிவண்டு வரும். ஆகவே அறுத்த பலகையில் உடனே போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த நீரை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தவேண்டும். அப்படிச் செய்த பிறகும் வீட்டுக்குள்ளே மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். மழை பட்டால் அந்தப் போரான் மருந்து கரைந்து வெளியேறிவிடும்.

எங்கள் வீட்டில் இதைக் காசு கொடுத்துத்தான் கற்றோம். தோட்டத்து மரத்திலேயே ஒரு கட்டில் செய்து தரச் சொன்னார் அப்பா. செய்து கொடுத்த பட்டறை மருந்து ஏற்றியதாகச் சொன்னது. அடுத்த வருடம் காலையில் கூட்டும்போதெல்லாம் கட்டில் காலடியில் முகப்பவுடர் கொட்டியது போல ஒரு சிறு குவியல் இருக்கும். கட்டில் காலில் ஊசி குத்தியது போல நூறு துளைகள். கட்டிலை அடுப்புக்குக் கொடுத்தோம்.

ஆய்வாளர்கள் ரப்பரை மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோட்டயத்தில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1955இல் தொடங்கியது. அடுத்த வருடம் நவம்பர் 1இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்று நமக்கு ரப்பர் ஆராய்ச்சி கோட்டயத்தில், வேளாண்மை ஆராய்ச்சி கோயம்புத்தூரில், மர ஆராய்ச்சி கேரளத்துப் பீச்சியிலும் பெங்களூரிலும். ஒவ்வோர் இடத்திலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. நம் ஊர்களில் பரவலாக நிற்கும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் வகை கோட்டயம் தந்தது, பாலுக்காகத் தேர்ந்தது. பாலும் தடியும் சேர்ந்து தரும் வகைகளை மலேசியாவில் ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசையாக உருவாக்கினார்கள். ஆனால் கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகும் ஒரு லோடு தடியை, முறித்த மணியிலிருந்து ஆலை வாசல்வரை பின்தொடர்ந்து, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு எத்தனை ரூபாய் குறைகிறது என்று எழுத ஒருவருக்கு மூன்று துறையும் தெரிந்திருக்கவேண்டும். அந்த அறிவிப்பை அதனால்தான் நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெயரில் மூன்று இருந்தும் வேலையில் ஒன்றும் இல்லாத பிரிவுகளும் உண்டு. எங்கள் முற்றத்துக்கு ஒருமுறை ஓர் ஆய்வு மாணவர் வந்து, ரப்பர் விவசாயத்தில் உங்கள் மனநிறைவை ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா எழுந்து தேங்காய் உரிக்கப் போய்விட்டார். வழிகாட்டியாக வரப்போகிறவர் கடைசியாக எந்த ஆலைக்குள், எந்தத் தோட்டத்துக்குள் நின்றார் என்று மகள் விசாரித்துப் பார்க்கட்டும். துறையின் பெயர் அதற்குப் பிறகுதான்.

இனி உங்கள் மரங்கள். மரக்காரர் மொத்தமாகக் கேட்கிறார் என்றால், அவர் கண்ணால் பார்த்து உரிக்கத் தகுந்த தடி, பெட்டிப் பலகைக்கான தடி, விறகு என்று மனத்துக்குள் பிரித்துவிட்டார் என்று பொருள். உங்களிடம் மட்டும் அதைப் பிரிக்காமல் சொல்கிறார். தடியைக் கன அளவில் பேசினால் கால் சுற்றளவுக் கணக்கு வரும்: நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. ஒரு மீட்டர் சுற்றளவும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 0.156 கன மீட்டர். உண்மையில் அது 0.199. ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கணக்கிலேயே போகிறது. அது ஊர் வழக்கம், ஏமாற்று அல்ல. ஆனால் விலை பேசும்போது நினைவில் இருக்கவேண்டும். எடைக்குப் பேசினால் முறித்த அன்றே ஏற்றவேண்டும், ஏனெனில் பச்சைத் தடியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தண்ணீர்.

கன்னிப்பட்டை (இதுவரை கத்தி படாத பட்டை) இனி எங்கும் மிச்சமில்லை, முறிக்குமுன் மிஞ்சிய பாலை எல்லாம் எடுக்கும் கடும்வெட்டுதான் வழி என்ற நிலையில் உங்கள் மரங்கள் இருந்தால், இரண்டு வருடம் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை முடிவு செய்யுமுன் மகளிடம் ஒரு டேப்பும் நோட்டும் கொடுங்கள். மரத்துக்கு மரம் எண் போட்டு, நெஞ்சுயரத்தில் சுற்றளவு, அடித்தடியில் முண்டு உண்டா, பால் நின்ற மரமா என்று மூன்று பத்தியில் எழுதட்டும். இருநூறு மரத்துக்கு இரண்டு நாள் போதும். மரக்காரர் மூன்றாம் முறை வரும்போது விலையை அந்த நோட்டிலிருந்து பேசுங்கள்.