கேளுங்கள், அடிக்கமாட்டேன்!

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி சீனப்படம், குங்ஃபூ, மலாய்க்காரர்களின் சண்டைக் கலையான சிலாட் பற்றித்தான். போன இதழில் ஜாக்கி சானைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதன் வினை. வீட்டுக்கடன், வாஸ்து கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

கே: சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குச் சீனப்படப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? தமிழ்ப்படம் கிடைக்கவில்லையா? (வாசகர், கோலகங்சார்)

ப: கிடைத்தது. சம்பளம் போட்ட வாரம் திடலில் திரை கட்டுவார்கள், லயத்துச் சனம் முழுக்கப் பாயோடு வந்து இடம் பிடிக்கும். ஒருமுறை எம்.ஜி.ஆர். படம் என்று சொல்லிவிட்டு பெட்டி மாறி சீனப்படம் வந்துவிட்டது. கிழவிகள் திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டினார்கள். திரையில் ஒரு பெண் தன் அப்பாவின் சீடனுடைய கையை வெட்டிவிட, அவன் பனியில் ரத்தம் சொட்டச்சொட்ட நடந்து போகிறான். பாயெல்லாம் மறுபடி விரிந்தது! 1967இல் ஷா பிரதர்ஸ் எடுத்த 'ஒற்றைக்கை வாள்வீரன்' அது, இயக்குநர் சாங் சே. எங்களுக்கு வந்து சேர ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. பழைய இரும்புக்கடைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், வேலை பார்த்த ஒரு சித்தப்பா எழுந்து நின்று வசனத்தைத் தமிழில் சொன்னார். பிற்பாடு சப்டைட்டிலோடு பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதி வசனம் அவரே கட்டிவிட்டது. அவர் சொன்ன கதைதான் எனக்கு இன்னும் பிடிக்கும்.

கே: ஷா பிரதர்ஸ் ஹாங்காங் கம்பெனிதானே, அதை நம்மூர்க் கம்பெனி மாதிரி எழுதுகிறீர்களே? (வாசகர், தைப்பிங்)

ப: அண்ணன் தம்பிகள் 1920களிலேயே ஷாங்காயிலிருந்து சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பி, மலாயா முழுக்கக் கொட்டகை போட்டவர்கள். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் அவர்கள் நடத்திய ஸ்டூடியோவில் மலாய்ப் படம் இயக்க இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். மலாய் சினிமாவின் பெரிய நட்சத்திரம் பி. ரம்லீயை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். ஹாங்காங்கில் அந்தப் பெரிய ஸ்டூடியோ வந்ததெல்லாம் 1961இல். இங்கே விற்ற டிக்கெட் காசும் அதில் இருக்கிறது, போதுமா?

கே: புரூஸ் லீ சாகவில்லை, ஒளிந்திருக்கிறார் என்று என் மாமா இன்னமும் அடித்துச் சொல்கிறார். (வாசகி, பாரிட் புந்தார்)

ப: 1973 ஜூலை 20, ஹாங்காங், மூளையில் வீக்கம், வயது 32. மாமாவுக்கு என் அனுதாபம். அவர் போனபிறகு நடந்த கூத்துதான் கொடுமை. புரூஸ் லி, புரூஸ் லே என்று பேரை மாற்றிக்கொண்டு ஆள் ஆளாகக் கிளம்பினார்கள். பாதியில் நின்ற 'கேம் ஆஃப் டெத்' படத்தை வேறு ஆட்களை வைத்து ஒட்டுப்போட்டு 1978இல் விட்டார்கள், அதில் ஓரிடத்தில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் முகத்துக்கு மேல் புரூஸ் லீயின் முகத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். அட்டை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிஜமான சாவு ஊர்வலத்தையும் படத்தில் சேர்த்தார்கள். இந்தச் சினிமா இதைவிடக் கீழே இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

கே: அந்தக்கால ஹாங்காங் சண்டைபோல இப்போது ஏன் வருவதில்லை? உங்களுக்கு வயசாகிவிட்டதா, படத்துக்கா? (கல்லூரி மாணவர், கம்பார்)

ப: இரண்டுக்கும்தான் தம்பி. 'போலீஸ் ஸ்டோரி' (1985) கடைசிக் காட்சியைப் போட்டுப் பார். ஷாப்பிங் மாலின் மேல்மாடியிலிருந்து பாய்ந்து, பல்பு சுற்றிய கம்பத்தைப் பிடித்து ஜாக்கி சான் சறுக்கி வருவார், பல்புகள் பொரிந்துகொண்டே வரும், கீழே கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவார். உள்ளங்கை வெந்துபோனது. அதே விழுகையை மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், நான்தான் விழுந்தேன், நன்றாகப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி. தலை முதல் கால்வரை ஆள் தெரிவான். இப்போது ஒரு குத்துக்கு நாலு வெட்டு, கை ஒரு ஷாட், மூஞ்சி ஒரு ஷாட், யார் யாரை அடித்தார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்கவேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஜாக்கி, சம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் ஒரே பீக்கிங் ஆப்பரா (சீன இசைக்கூத்து) பள்ளியில் பிரம்படி வாங்கிப் பல வருஷம் பயின்றவர்கள். வெளியே வந்தபோது ஆப்பரா பார்க்க ஆளில்லை, சினிமாவில் அடிவாங்கப் போனார்கள். அந்தப் பள்ளிகள் மூடியபிறகு அப்படிப்பட்ட உடம்பு எங்கிருந்து வரும்? பிள்ளைகளை அப்படி அடித்து வளர்க்கச் சொல்லவும் எனக்கு மனசு வராது, அது வேறு. அப்புறம் ரவுடிக் கும்பல்கள். நடிகர்களை மிரட்டி கால்ஷீட் வாங்கினார்கள், 1992இல் நட்சத்திரங்களே தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். போதாக்குறைக்குக் கள்ள விசிடி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நானும் வாங்கியிருக்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

கே: மிஷல் யோ எங்கள் ஊர். அவரைப் பற்றி நாலு வரி? (வாசகி, ஈப்போ)

ப: தெரியும் தங்கச்சி, ஈப்போவில் யாரைக் கேட்டாலும் அவர் வீடு பக்கத்துத் தெரு என்கிறார்கள். 2023இல் ஆஸ்கார் வாங்கியதை எல்லாரும் எழுதியாயிற்று. எனக்கு அவர் 1992இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி 3' ஆள். கோலாலம்பூரில் எடுத்த கடைசிக் கட்டத்தில் மோட்டார் சைக்கிளோடு ஓடும் ரயில் கூரைமேல் பாய்வார். படம் முடிந்து ஓடும் துண்டுகளில் இன்னொன்று இருக்கிறது. வேனிலிருந்து ஜாக்கியின் கார் பானெட்டில் விழுந்தவர் பிடி நழுவி ரோட்டில் உருளுகிறார், ஜாக்கி கை நீட்டியும் எட்டவில்லை. பாலே ஆடப் படித்த பெண் அது!

கே: குங்ஃபூவே நம் போதிதர்மர் சொல்லிக்கொடுத்ததுதானே? 'ஏழாம் அறிவு' பார்த்ததிலிருந்து என் மகன் சீனப்பிள்ளைகளோடு சண்டை போடுகிறான். (வாசகர், சித்தியவான்)

ப: காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அவர் ஷாவ்லினில் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு நூலிலிருந்து கிளம்பியது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது. வரலாற்றுக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அந்தப் படத்தில் வில்லனாக வந்த ஜானி ட்ரை நுயென் தாய்லாந்தின் 'தோம் யும் கூங்'கில் (2005) டோனி ஜாவோடு மோதியவர், நிஜமாகவே சண்டை தெரிந்த மனிதர். அவரைக் கூட்டிவந்து கண்ணால் முறைக்கவிட்டார்கள். மகனை அதே 'தோம் யும் கூங்'கைப் பார்க்கச் சொல்லுங்கள். டோனி ஜா மாடிமாடியாக அடித்துக்கொண்டு ஏறும் காட்சி வெட்டே இல்லாமல் நாலு நிமிஷம் ஓடும், மேலே போகப்போக அவருக்கு மூச்சு வாங்குவது தெரியும். சிலாட் பார்க்கவேண்டுமானால் இந்தோனேசியாவின் 'தி ரெய்ட்' (2011). எடுத்தவர் வேல்ஸ்காரர், ஆனால் பேச்சு மலாய்க்கு நெருங்கிய, நமக்குப் புரிகிற பாஷை. மகனுக்குப் பதினெட்டு ஆகட்டும், அதில் ரத்தம் அதிகம்.

கே: நீங்கள் எப்போதாவது சண்டை கற்றதுண்டா? (அதே கம்பார் மாணவர்)

ப: ஒருநாள். அப்பாவின் மண்வெட்டிக் காம்பை இரண்டாக அறுத்து, சைக்கிள் செயின் கோத்து நுன்சாக்கு செய்தேன். முதல் சுழற்றில் என் காதிலேயே பட்டது. சாயங்காலம் அப்பா காம்பைத் தேடினார்.