வரப்போகிற கேமுக்காகப் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம் அண்ணாச்சி

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகன் பாலிடெக்னிக் கடைசி வருஷம். கால் ஆஃப் டியூட்டி அடுத்த பாகம் வரப்போகிறதாம், நம் வீட்டு கம்ப்யூட்டரில் ஓடாது என்கிறான். 2019-இல் அசெம்பிள் செய்த மெஷின். ஐ5-9400எஃப், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு என்று பில்லில் இருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு கடைக்காரரிடம் காட்டினோம். “இதில் செக்யூர் பூட் வராது, முழுசாக மாற்றணும், 85 ஆயிரம் ஆகும்” என்று சொல்லி 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். கேமையும் அவரே மலிவாக முன்பதிவு செய்து தருவாராம். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. மீதி 80 ஆயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் மெஷினில் செக்யூர் பூட் வரும். அது கடையில் வாங்கிப் பொருத்துகிற சாமான் இல்லை. உங்கள் மதர்போர்டுக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒரு செட்டிங். அணைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் விளையாடுகிற துப்பாக்கிச் சண்டை கேம்களில் திருட்டு புரோகிராம் வைத்து ஆடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சுவருக்குப் பின்னால் நிற்கிற எதிரி அவர்களுக்குத் தெரிவான், குறி தானாகப் போய் அவன் தலையில் நிற்கும். அதைத் தடுக்கத்தான், கம்ப்யூட்டர் ஆன் ஆகிற நேரத்தில் நடுவே எதுவும் நுழையவில்லை என்பதற்கு கேம் கம்பெனிகள் அத்தாட்சி கேட்கின்றன. 2025 அக்டோபர் 10-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6 என்கிற கேம் கேட்டது. அதே வருஷம் நவம்பர் 14-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 7, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 (கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பாதுகாப்பு வசதி) இரண்டும் வேண்டும் என்றது. அடுத்த பாகமும் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைத் தராசில் அரசு முத்திரை இருக்கிறதல்லவா? யாராவது தராசைத் திறந்து கைவைத்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை ஏறக்குறைய அதுதான். இதற்கு மேல் நீங்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

உங்களுடைய 9400எஃப், இன்டெல்லின் ஒன்பதாம் தலைமுறை. எட்டாம் தலைமுறைக்கு முன்பிருந்தே டிபிஎம் வசதி உள்ளேயே வருகிறது. பிறகு ஏன் யாருக்கும் தெரியவில்லை? இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம், விண்டோஸில் டிபிஎம். ஒரே சங்கதிக்கு ஆளுக்கொரு பெயர். போர்டு கம்பெனிகள் அதை அணைத்து வைத்தே பல வருஷம் விற்றன, வாங்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேம் கம்பெனி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் சொல்லியாச்சு என்று உட்கார்ந்துவிடுகிறது. அம்பாசமுத்திரத்தில் இருக்கிற மனிதர் யாரிடம் போய்க் கேட்பார்? கடைக்காரர் வாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுடைய 85 ஆயிரம் அங்கேதான் பிறந்தது.

மகனிடம் சொல்லி வீட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடித்தால், பயாஸ் மோட் என்று ஒரு வரி தெரியும். அதில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் வேலை பத்து நிமிஷம். மதர்போர்டின் செட்டிங் பக்கமான பயாஸுக்குள் போய் பிடிடியையும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்தால் முடிந்தது. லெகசி என்று இருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. ஹார்ட் டிஸ்கின் பழைய அமைப்பை முதலில் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பயாஸில் மாற்றினால் விண்டோஸ் எழும்பாது, மகன் பயந்துவிடுவான். மாற்றியதைப் பழையபடி வைத்தால் திரும்ப எழும்பும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. “ஃபார்மட் அடித்தால்தான் மாறும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், டேட்டா எடுத்துவைக்கத் தனிக் காசு” என்பார்கள். நம்பாதீர்கள். எதையும் அழிக்காமல் மாற்றுகிற கருவியை மைக்ரோசாஃப்ட் 2017-இலேயே விண்டோஸ் 10-க்குள் வைத்துவிட்டது. எம்பிஆர்டுஜிபிடி என்று அதற்குப் பெயர். தெரிந்தவர் கையில் அரை மணி நேர வேலை. ஆனாலும் போட்டோக்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் போனது திரும்பாது. சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் மொத்த டிஸ்கையும் பூட்டி வைத்திருக்கும். பிட்லாக்கர் என்பார்கள், சிலதில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கும். நீங்கள் பூட்டியிருக்க மாட்டீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழையும்போது அதுவாகவே பூட்டிக்கொள்ளும். லேப்டாப்களில் இது ரொம்பக் காலமாக உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றினால் அசெம்பிள் மெஷினிலும் நடக்கிறது. அப்படிப் பூட்டிய மெஷினில் டிபிஎம், செக்யூர் பூட் செட்டிங்கை மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே போக முடியாது. கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

போன வருஷம் ஒரு பெண் பிள்ளை லேப்டாப்போடு என் கடைக்கு வந்தாள். வேறொரு கடையில் “கேமுக்காக டிபிஎம்மைத் துடைத்துவிட்டோம்” என்றிருக்கிறார்கள். எண் அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. கணக்கைத் தொடங்கியது அவளுடைய அண்ணன், பழைய செல் நம்பரில். அந்த நம்பர் இப்போது யாரிடமோ இருக்கிறது. நாலு வருஷ காலேஜ் வேலை அந்த டிஸ்கிலேயே கிடக்கிறது, எடுக்க வழியில்லை. அதனால் செட்டிங்கைத் தொடும் முன் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த 48 இலக்கத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துப் பேனாவால் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ‘கிளியர் டிபிஎம்’ என்று பயாஸில் ஒரு வரி வரும். யார் சொன்னாலும் அதை அழுத்தக் கூடாது.

சரி, மெஷினில் குறையே இல்லையா? இருக்கிறது. ராமும், படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டும். வரப்போகிற பாகத்துக்கு என்ன வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்கள் வெளியீடு நெருங்கும்போதுதான் பட்டியலாகப் போடுவார்கள். அதற்கு முன் “இந்தக் கார்டு இருந்தால்தான் ஓடும்” என்று கடைக்காரர் சொல்வது ஊகம். அளவுகோல் வேண்டுமென்றால் பேட்டில்ஃபீல்ட் 6-ஐ வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் ஐ5-8400, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு என்றது. பிராசஸரில் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ராம் இன்னொரு 8 ஜிபி போட வேண்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடப்பதால் வேலை செய்கிற பழைய டிடிஆர்4 குச்சி ஒன்று கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ராமில் செகண்ட் ஹேண்ட் தப்பில்லை.

கார்டில் அந்த மாதிரி இறங்காதீர்கள். நான் சண்டை போட்டுப் போட்டுக் களைத்த இடம் இது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற டிஜிட்டல் காசு தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்தக் காசை உண்டாக்குகிற கணக்குகளுக்காக ராப்பகலாக ஓடிய கார்டுகள் வேலையில்லாமல் போய், மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வந்தன. பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் மாற்றி, “வீட்டில் பையன் விளையாடியது” என்று இன்றைக்கும் விற்கிறார்கள். இன்னொரு ரகம், ரொம்பப் பழைய கார்டுக்குள் பதிந்திருக்கிற புரோகிராமை மாற்றி, அதைவிடப் புதிய 1050 டிஐ கார்டு என்று காட்ட வைப்பது. விண்டோஸும் அப்படியே நம்பும். ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை ஓட்டினால் போலி என்று எழுதியே காட்டிவிடும். கடையில் அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, வெள்ளத்தில் நனைந்த சாமான். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்தது உங்களுக்கும் மறக்காது. அன்றைக்கு நனைந்த போர்டுகளும் கார்டுகளும் எல்லாமே குப்பைக்குப் போகவில்லை. கழுவிக் காயவைத்து விற்றவை அடுத்த வருஷம் முழுக்க என் மேஜைக்கு வந்துகொண்டே இருந்தன. ஆறு மாசம் ஓடும், பிறகு ஒருநாள் சும்மா நிற்கும். திருகாணிகளைப் பாருங்கள். துரு ஏறியிருக்கும், கேபிள் செருகும் ஓட்டைகளின் ஓரத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். காயவைத்தாலும் சேற்றுவாசம் போகாது.

புதுக் கார்டிலும் ஒரு தந்திரம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. 6 ஜிபி என்பது நினைவகம் மட்டும் குறைந்த கார்டு இல்லை, வேகமும் குறைந்த வேறு சரக்கு. கம்பெனியே இப்படிப் பெயர் வைத்தால் கடைக்காரரை மட்டும் என்ன சொல்ல? இந்த இரண்டுமே 2060-க்குக் கீழேதான். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 அளவுக்குப் போனால் உங்களுக்குப் போதும். கேபினட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி) இருந்தால் அதையும் மாற்றி நல்லதாகப் போடுங்கள். 450 வாட் என்று மேலே ஒட்டியிருப்பதை நம்ப முடியாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி இடியில் நம் பக்கம் எத்தனை மெஷின் போகிறது என்று எனக்குத் தெரியும்.

கார்டும் பட்டியல் வந்த பிறகுதான். அதற்கும் ஒரு நல்ல வழி இருக்கிறது. வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் ஓபன் பீட்டா என்று கொஞ்ச நாள் இலவசமாக விளையாடவிடுவார்கள். பேட்டில்ஃபீல்ட் 6-க்கு 2025 ஆகஸ்டிலும் பிளாக் ஆப்ஸ் 7-க்கு அக்டோபரிலும் விட்டார்கள். உங்கள் 1650-இலேயே மகன் ஓட்டிப் பார்க்கட்டும். படத் தரத்தைக் குறைத்து வைத்து ஓடினால் அவனே போதும் என்றும் சொல்லலாம். அந்த பீட்டாவுக்கு சாவி தருகிறேன் என்று டெலிகிராமில் காசு கேட்பார்கள். ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

“மலிவாக முன்பதிவு” என்பது எனக்கு எதைவிடவும் பயமாக இருக்கிறது. கடைக்காரர் தருவது பெரும்பாலும் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் யாரோ ஒருவர் வைத்திருக்கிற கணக்கின் பாஸ்வேர்டாக இருக்கும். அதே கணக்கைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார். கணக்கை விற்பதே ஸ்டீம் விதிப்படி தப்பு. மூடிவிட்டால் உங்கள் காசு போச்சு. பென் டிரைவில் கிராக், அதாவது திருட்டுப் பிரதி, போட்டுத் தருவதாகச் சொன்னால் அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஆன்லைனில் ஓடாது, வைரஸ் வரும், உங்கள் கடையின் பேங்க் கணக்கும் அதே மெஷினில் திறந்திருக்கலாம். மகன் தன் பெயரில் சொந்தமாக ஸ்டீம் கணக்கு தொடங்கட்டும். விலை ரூபாயிலேயே இருக்கும், யுபிஐயில் கட்டலாம். முன்பதிவு செய்தாலும் வெளியாகும் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வந்த பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் அப்போதும் கேட்கலாம். இந்த உரிமையை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குத் தரமாட்டார். டவுன்லோடு 100 ஜிபியைத் தாண்டும், செல்போன் டேட்டாவில் இறக்கப் பார்க்க வேண்டாம்.

கொடுத்த 5,000 ரூபாய் விஷயம். நேரில் போங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. “செக்யூர் பூட் ஆன் ஆகிவிட்டது, மெஷின் வேண்டாம்” என்று சொல்லி அட்வான்ஸைக் கேளுங்கள். துண்டுச் சீட்டு, ஜிபே மெசேஜ் என்று எது இருந்தாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “அதற்குப் பதிலாக வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றால், ஜிஎஸ்டி பில்லும் சீரியல் நம்பரும் போட்டு ஒரு 8 ஜிபி ராம் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைக் கேளுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அந்த எண்ணைக் கடையில் நின்றபடியே டயல் செய்யுங்கள்.