அப்பாவுக்கு 40 வயசிலயே பல்லெல்லாம் ஆடி விழுந்திட்டுது, எனக்கும் அந்த முரசு வருத்தம் வருமோ?

அரைவாசி ஓம். எங்கட வீட்டுக் கதையும் இதுதான், கிளிநொச்சிப் பக்கம், அம்மாவுக்கு 45க்குள்ள முன்பல்லு நாலும் சூத்தை ஒண்டும் இல்லாமலே கழண்டு விழுந்திட்டுது, அவவின்ர கூடப்பிறந்த சின்னம்மா அதே கிணத்துத் தண்ணி அதே வெத்திலைத் தட்டம், 70 வயசிலயும் கரும்பு கடிக்கிறா.

இந்த வித்தியாசத்தை எங்கட நாட்டிலயே எண்ணிப் பாத்திருக்கினம். மலையகத்தில தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 ஆம்பிளையள், பல்லுத் தீட்டுற பழக்கமும் இல்லை பல் வைத்தியமும் இல்லை, 1970ல இருந்து 15 வருசம் ஹரால்ட் லோ எண்ட பல் ஆராய்ச்சியாளரின்ர குழு திரும்பத் திரும்பப் போய் வாயைத் திறந்து பாத்தது. (பாத்தவை தீட்டவும் பழக்கியிருக்கலாமே எண்டு எனக்கு இப்பவும் கடுப்புத்தான்.) எல்லாருக்கும் முரசு வீக்கம், ஆனா நூத்துக்கு 8 பேருக்கு பல்லைத் தாங்கிற எலும்பு மளமளவெண்டு கரைஞ்சது, 81 பேருக்கு மெல்ல மெல்ல, 11 பேருக்கு வீக்கத்தோடயே நிண்டிட்டுது. பிறகு 2000ல அமெரிக்காவில 117 சோடி இரட்டையரைப் பாத்து, ஆளுக்காள் வித்தியாசத்தில கிட்டத்தட்ட அரைவாசிக்கு மரபணுதான் காரணம் எண்டு கணக்குச் சொன்னவை.

கிருமிதான் தொடக்கிவிடுறது, ஆனா அதோட எங்கட உடம்பு பிடிக்கிற சண்டையிலதான் எலும்பு கரையுது, அந்தச் சண்டைக்குணம் பரம்பரையா வருது. ஒரு ஜீன் இல்லை, கனக்க.

எனக்கு 32ல பிறஷில ரத்தம். பல் டொக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியொண்டைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில விட்டு மிஸ்ஸிக்கு நம்பர் சொல்லிக்கொண்டே போனா, "ரெண்டு, மூண்டு, மூண்டு, ஏழு". மூண்டு மில்லிமீற்றர் வரைக்கும் பரவாயில்லையாம், ஏழெண்டா உள்ளுக்கு எலும்பு கரைஞ்சு போட்டுது, எனக்கெண்டா ஒரு நோவும் இல்லை. அம்மாட பல்லுக் கதையைக் கேட்டிட்டு, "சீனி வருத்தம் இருக்கோ, சிகரெட் பத்துறனீங்களோ" எண்டா. பத்துவன் எண்டன். கம்பியைத் தட்டில வைச்சிட்டு ஒரு பார்வை பாத்தா.

உப்புத்தண்ணியும் கிராம்பும் பல்லில கல்லா இறுகிப் பிடிச்ச காவியைக் கழட்டாது, அது சுரண்டித்தான் எடுக்கவேணும், எனக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. சிகரெட்டையும் விட்டிட்டன், இப்ப அந்த ஏழு நாலில நிக்குது. உங்களுக்கு அப்பாட கதை இருக்கிறபடியா ரத்தம் வரும்வரை பாத்துக்கொண்டிருக்காதேங்கோ, அந்தக் கம்பியை ஒருக்கா விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. நான் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனனான், அவனுக்கு வாய் முழுக்க ரெண்டும் மூண்டும்தான், ஒழுங்காத் தீட்டாதவன்.